சிறுகுழு டுட்டோரியல்: பி.எஸ்ஸி. மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துக் கல்லூரிகளில் அறிவியல் பிரிவில் சேரும் பிள்ளைகளிடமிருந்தும், அவர்களைச் சேர்த்துவிட வரும் வீட்டாரிடமிருந்தும் ஆண்டுதோறும் வருகிற கேள்விகள் இவை. பதில் எழுதுவது இங்கே வேதியியல் நடத்தும் ஓர் ஆசிரியர். ஏற்பாடு கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

சிறுகுழு டுட்டோரியல் என்றால் என்ன?

ஐந்திலிருந்து எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரு மேசை, ஒரு மணி நேரம். வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முந்தின வாரமே ஒரு வேலை கொடுத்திருப்பார்கள்: ஒரு கணக்கு, இரண்டு பக்க வாசிப்பு, ஒரு கிராஃப், இல்லை அரைப்பக்கக் குறிப்பு. அதைச் செய்துகொண்டு வந்து, செய்ததை வைத்துப் பேச வேண்டும். புதுப் பாடம் எதுவும் நடத்த மாட்டார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஒன்று முதல் மூன்று மாணவர்களை மட்டும் உட்காரவைத்து நடத்துவது இதன் மூத்த வடிவம். நமக்கு அது கட்டுப்படியாகாது. அறுபது எழுபது பேர் இருக்கும் வகுப்பிலிருந்து எட்டுப் பேருக்கு இறங்குவதே பெரிய காரியம்.

டியூஷனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டியூஷனில் சார் கணக்குப் போடுவார், நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். இங்கே நீங்கள் போடுவீர்கள், சார் பார்த்துக்கொண்டிருப்பார். நடுநடுவே "ஏன்?" என்று கேட்பார். அந்த "ஏன்" கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

டுட்டோரியல் என்றால் பெயிலானவர்கள் போகிற இடம் இல்லையா?

சேர்க்கை நாளில் அப்பாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி இது. பத்தாவதோ பிளஸ் டூவோ தவறியவர்களைச் சேர்த்துக்கொண்ட டுட்டோரியல்கள் ஊருக்கு ஊர் இருந்தன, அதனால் வரும் பயம். இது அதுவல்ல. அரியர் வைத்திருப்பவரும் வருவார், வகுப்பில் முதல் மார்க் வாங்குபவரும் வருவார். இருவரும் ஒரே குழுவில் இருப்பதுதான் நல்லது.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகம் தடுமாறுகிறார்கள் என்று பார்க்கப் போனார். ஊக்கம் போதவில்லை, அடிப்படை போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்டது வேறு. அந்த மாணவர்கள் மாய்ந்து மாய்ந்து படித்தார்கள், ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் தனியாகவும் படித்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை இன்னொருவர் குடைந்தார்கள். டிரைஸ்மன் உடனே "சிறப்புப் பயிற்சி" என்று எளிய பாடத்தைத் திரும்ப நடத்தப் போகவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சிறு குழுக்களாக உட்காரவைத்தார். மதிப்பெண் நன்றாகவே ஏறியது.

நம் ஊரில் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தடுமாறுகிற பிள்ளைக்கு இன்னும் எளிய நோட்ஸ், இன்னும் சின்ன "முக்கிய வினாக்கள்" பட்டியல். கடினமான கேள்வியைக் கொடுத்து, கூடவே நாலு பேரையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று நாம் பார்ப்பதே இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கும்?

ஒரு வகுப்பை அப்படியே சொல்கிறேன். தலைப்பு குரோமியம். தோல் தொழிற்சாலைகள் இருக்கும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். கூடுதல் நச்சு ஆறு இணைதிறன் குரோமியம். இரண்டாவதை அளக்க டைபினைல்கார்பசைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, வருகிற ஊதா நிறத்தை 540 நானோமீட்டரில், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் படிக்கிறோம்.

பயிற்சிக்காக நான் தயாரித்த எண்களைக் கொடுத்திருந்தேன். தெரிந்த கரைசல்கள் ஐந்து, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் முதல் 1.0 வரை. ஒளி உறிஞ்சல் 0.16-இல் தொடங்கி 0.80-இல் முடிகிறது. தெரியாத மாதிரியின் உறிஞ்சல் 1.30. ஆறு பேரில் ஐந்து பேர் கிராஃப் வரைந்து, ஸ்கேலை வைத்து அந்தக் கோட்டை மேலே நீட்டி, 1.625 என்று விடை எழுதிக்கொண்டு வந்தார்கள். மூன்று தசமம், அடிக்கோடு வேறு.

"கோடு மேலேயும் நேராத்தான் போகும்னு யார் சொன்னது?"

"பீர்-லாம்பர்ட் விதி சார்." கரைசலின் செறிவு கூடினால் ஒளி உறிஞ்சலும் அதே விகிதத்தில் கூடும் என்ற விதி.

"விதி சொல்லுது. உன் மெஷின் சொல்லுதா?"

யாரும் பேசவில்லை. பிறகு குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு மாணவி, "மாதிரியை நீர்த்துப் பார்க்கலாமா சார்?" என்றார். அந்தக் கேள்விக்காகவே இரண்டாவது தாள் மடித்து வைத்திருந்தேன்: ஐந்து மடங்கு நீர்த்த பிறகு உறிஞ்சல் 0.30. கணக்குப் போட்டார்கள். 0.375, ஐந்தால் பெருக்கினால் 1.875. "இன்னா சார் இது, ஒரே தண்ணிக்கு ரெண்டு விடையா?" என்றான் ஒருவன். அந்த இடத்திலிருந்துதான் வகுப்பே ஆரம்பம். எதை நம்புவது, ஏன்? அதிக உறிஞ்சலில் கருவிக்குள் அலையும் வேண்டாத வெளிச்சம் அளவைக் குறைத்துக் காட்டும், அதனால் கோடு வளையும் என்ற முடிவுக்கு அவர்களே வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது தசமத்தை எழுத நமக்கு உரிமை இருக்கிறதா என்பதையும் பேசினோம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். இரண்டு விடையில் எதை எடுத்தாலும் அந்தத் தண்ணீர் குடிக்க உதவாது, ஆகவே இந்த முடிவுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை என்று இன்னொருவன் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அடுத்த வாரத்துக்கான வேலை: இதே முடிவை வேதியியல் படிக்காத ஒரு பஞ்சாயத்துத் தலைவருக்குப் புரியும்படி அரைப்பக்கத்தில் தமிழில் எழுது.

இதில் என்னென்ன திறன்கள் வரும்?

படிப்புக்கு உதவுகிறவை, படிப்பு முடிந்த பிறகும் கூட வருகிறவை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். நடைமுறையில் இரண்டையும் பிரிக்க முடியாது. மேலே சொன்ன வகுப்பில் கிராஃப் படிப்பது ஏட்டுத் திறன். பஞ்சாயத்துத் தலைவருக்கு எழுதுவது எங்கே போனாலும் உதவுகிற திறன். இரண்டும் ஒரே தாளில்தான் இருந்தன.

இருந்தாலும் பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: ஆய்வுக் கட்டுரையை எங்கே தொடங்கி எப்படி வாசிப்பது, எண்ணைப் பார்த்ததும் "இது நடக்கிற காரியமா" என்று மதிப்பிடுவது, ரெக்கார்டு நோட்டில் இருப்பதை அறிக்கையாக எழுதுவது, ஐந்து நிமிடம் தடுமாறாமல் விளக்குவது, அடுத்தவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடித்து அதை மரியாதையாகச் சொல்வது. கடைசியில் சொன்னது நமக்குக் கஷ்டம். ஒன்று, "அவன் சொல்றது சரிதான் சார்" என்று விட்டுவிடுவோம். இல்லாவிட்டால் சண்டைக்குப் போய்விடுவோம்.

இயற்பியல் மாணவர்களுக்கு எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்த இரவில், அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியின் பதிவில் நட்சத்திர ஒளி சில நொடி சட்டென்று மங்கியது. அப்படி ஒரு கோட்டைக் கையால் வரைந்து, கதையைச் சொல்லாமல் குழுவிடம் கொடுப்பேன். மேகமா? கருவிக் கோளாறா? மின்சாரமா? ஒவ்வொரு சந்தேகத்தையும் எப்படிச் சோதிப்பாய்? கடைசியில்தான், அதே இரவு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த அமெரிக்க ஆய்வு விமானத்தின் பதிவிலும் அப்படிச் சரிவுகள் விழுந்தன என்று சொல்வேன். இரண்டு இடத்து மேகம் ஒன்றுபோல் ஏமாற்றுமா என்று அவர்களே கேட்பார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது இப்படித்தான். வாணியம்பாடி, ஆலங்காயம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலையில் நடந்தது என்பதே தெரியாமல் இருக்கும்.

நான் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வராது. என்னால் முடியுமா?

முடியும். ஆனால் இதை "கவலைப்படாதே" என்று தட்டிக்கொடுத்து விட்டுவிட முடியாது. பாடப்புத்தகம், ஆய்வுக் கட்டுரை, நேர்காணல் எல்லாம் ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் வரும்.

நாங்கள் பார்க்கிற வழி இது. முதலில் எந்த மொழியில் யோசிக்கிறாயோ அந்த மொழியில் பேசு. தமிழில் பேசு, வீட்டில் தெலுங்கு என்றால் பக்கத்துத் தோழியிடம் தெலுங்கில் சொல்லிப் பார், பேரணாம்பட்டிலிருந்து வருகிற பிள்ளை உருதுவில் சொல்லிப் பார்க்கட்டும். வட ஆற்காட்டில் ஒரு மேசையைச் சுற்றி மூன்று மொழி இருப்பது புதிதல்ல. விஷயம் தெளிவான பிறகு அதையே மூன்று வாக்கியம் ஆங்கிலத்தில் எழுது. மூன்றுதான், முப்பது வேண்டாம். அதைக் குழு படித்துப் பார்த்து, எங்கே புரியவில்லை என்று சொல்லும். இலக்கணம் அப்புறம்.

ஆங்கிலம் நன்றாக வரும் சிலரின் பிரச்சினை வேறு. "இட் வாஸ் அப்சர்வ்ட் தட்" என்று அழகாக ஆரம்பித்துப் புத்தக வரியை அப்படியே ஒப்பிப்பார்கள். "சரி, இதைத் தமிழில் சொல்லு" என்றால் நின்றுவிடுவார்கள். பாதி நேரம் அவர்களுக்கே அது புரிந்திருக்காது. தமிழ் மீடியம் மாணவர்களுக்கு இந்த மறைவிடம் கிடையாது, அது ஒரு வகையில் வசதி.

எனக்குப் பேசவே பயம். தப்பாகச் சொல்லிவிட்டால்?

எடுத்த எடுப்பில் யாரும் எட்டுப் பேர் முன்னால் பேச வேண்டாம். முதலில் தாளில் எழுதுவீர்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வீர்கள், அதற்குப் பிறகுதான் மேசைக்கு வரும். அதற்குள் பாதிப் பயம் போய்விடும். தப்பான விடைதான் பல வாரங்களில் அந்த மணி நேரத்தைக் காப்பாற்றுகிறது. குரோமியம் வகுப்பில் ஐந்து பேரும் சரியாகச் செய்துகொண்டு வந்திருந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து போயிருப்போம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கல்லூரியில் பெண்பிள்ளைகள் முதல் சில வாரம் வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்க்கிறோம். ஒரே ஒரு பெண்ணை ஆறு பையன்களுக்கு நடுவில் போடக்கூடாது. இது குழு பிரிக்கும் ஆசிரியரின் பொறுப்பு.

இதற்கு மார்க் உண்டா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் கிரெடிட் முறையில் விரிவுரை, டுட்டோரியல், செய்முறை என்று மூன்றுக்கும் இடம் உண்டு. வாரம் ஒரு மணி நேர டுட்டோரியல் ஒரு கிரெடிட்டுக்குச் சமம். தாளில் அப்படி. பல கால அட்டவணைகளில் அந்த மணி நேரம் விடுபட்ட போர்ஷனை முடிக்கப் போய்விடும். தனி மார்க் இல்லாத இடத்தில், இங்கே எழுதுகிற குறிப்பை இன்டர்னலின் அசைன்மென்டாகவோ செமினாராகவோ எடுத்துக்கொள்ளும்படி துறைத்தலைவரிடம் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாலையில் வைத்தால் எப்படி வர முடியும்?

மாலையில் வைக்கவே கூடாது. ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆற்காடு என்று தொலைவிலிருந்து வருகிறவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள். கால அட்டவணைக்குள், மதிய உணவுக்கு முந்தின மணி நேரமாக இருந்தால் உத்தமம். இரண்டு ஷிஃப்ட் ஓடும் கல்லூரியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வைக்காதீர்கள், அறை கிடைக்காது.

இது பலன் தருமா? ஆதாரம் இருக்கிறதா?

2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் பணியாற்றியவர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் பட்ட வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோற்றவர்கள் சராசரியாக 34 சதவீதம். மாணவர்களையும் வேலை செய்யவைத்த வகுப்புகளில் 22 சதவீதம். அந்த 225-இல் சிறுகுழுவோடு வேறு பல முறைகளும் அடக்கம், அதனால் முழுப் பெருமையையும் டுட்டோரியலுக்குக் கொடுக்க மாட்டேன். வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பதைவிடக் கையும் வாயும் வேலை செய்வது மேல் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

எங்கள் துறையில் ஆசிரியர்களே குறைவு. இதை எப்படி நடத்துவது?

நியாயமான கேள்வி. அறுபது பேரை எட்டெட்டாகப் பிரித்தால் ஏழெட்டுக் குழு. ஒரே ஆசிரியர் வாரம் ஏழெட்டு மணி நேரம் கொடுக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் பாதியாகும். மீதிப் பாதிக்கு எம்.எஸ்ஸி. மாணவர்கள். மூத்த மாணவரை வைத்து இளையவர் குழுவை நடத்தும் முறையை அமெரிக்காவின் மிசோரி பல்கலைக்கழகம், கான்சாஸ் சிட்டியில் 1973-லேயே ஆரம்பித்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. சீனியர் பாடம் நடத்தக் கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும் என்பது முதல் விதி. அதை மீறாத சீனியரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

ஆசிரியர்களுக்கும் அதே வியாதி உண்டு. 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, கூடுதல் பிள்ளைகள் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்க ஒன்றுமில்லை. அமைதியான அறையில் எட்டு முகங்கள் உங்களையே பார்க்கும்போது உட்கார்ந்து பாருங்கள்! கையில் ஒரு டம்ளர் டீ வைத்துக்கொண்டால் கொஞ்சம் உதவும்.

வேலை கிடைக்க உதவுமா?

வேலை வாங்கித் தராது. நேர்காணலில் "உன் புராஜெக்டைப் பற்றிச் சொல்லு" என்றால் நோட்டில் இருப்பதை ஒப்பிப்பவருக்கும், "இந்த எண்ணில் எனக்கே சந்தேகம் இருந்தது, அதனால் இப்படிச் சரிபார்த்தேன்" என்பவருக்கும் உள்ள தூரம் கேட்பவருக்கு உடனே தெரியும். மருத்துவமனை ஆய்வகமோ, ராணிப்பேட்டை சிப்காட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவோ, வங்கித் தேர்வோ, எங்கே போனாலும் ஒரு அட்டவணையைப் பார்த்து நாலு வரியில் எழுதச் சொல்வார்கள்.

மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இன்னும் நேரடியான பயன். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு, ஏன் விண்ணப்பிக்கிறாய் என்று சுருக்கமாக எழுத வேண்டும். அதைக் குழுவில் வைத்துக் கிழித்து, திருப்பி எழுதி அனுப்பியதன் அருமை அனுப்பியவர்களுக்குத் தெரியும். ஐஐடிகளில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் தேர்வின் பழைய வினாத்தாள்களும் குழுவில் உடைக்க நல்ல பொருள்.

வீட்டு வேலையைச் சாட்ஜிபிடியில் போட்டு எடுத்து வரலாமா?

கொண்டு வாருங்கள். ஒரே நிபந்தனை, அதன் ஒவ்வொரு வரிக்கும் மேசையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். குரோமியம் கணக்கை அதனிடம் கொடுத்தால் அழகாக 1.625 என்றும் சொல்லலாம், நீர்த்துப் பார் என்றும் சொல்லலாம். எது ஏன் என்று கேட்கும்போது அது பக்கத்தில் உட்கார்ந்திருக்காது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதற்கும் இதே விதிதான். அந்தப் பழக்கம் சாட்ஜிபிடிக்கு ரொம்ப மூத்தது.

எங்கள் கல்லூரியில் இப்படி ஒன்றும் இல்லை. நாங்களே ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. ஐந்து பேர் போதும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் கேள்வி கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் அன்றைக்குப் பதில் சொல்லக்கூடாது. போனைப் பைக்குள் வையுங்கள், ஒருவர் மட்டும் எண் சரிபார்க்க எடுக்கலாம். முடிவில் ஒரு பக்கக் குறிப்பு, அதை எழுதுபவர் வாராவாரம் மாறணும். இடம் பெரிய பிரச்சினை இல்லை. காலியான வகுப்பறை, நூலகத் தாழ்வாரம், ஞாயிற்றுக்கிழமை என்றால் கோட்டைப் புல்வெளி. மே மாதத்து வேலூர் வெயிலில் புல்வெளியை நம்பாதீர்கள்.

கேள்விக்கு எங்கே போவது என்றால், உங்களைச் சுற்றியே இருக்கிறது. கோட்டை அகழியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? எதை அளந்தால் சொல்லலாம், எதை ஊகிக்கலாம்? தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநிறுத்தியது. நீங்கள் அந்த வழக்கில் நிபுணராக அழைக்கப்பட்டால் பாலாற்றங்கரையில் எத்தனை கிணற்றிலிருந்து, எந்த மாதத்தில் தண்ணீர் எடுப்பீர்கள்? இந்த ஒரு கேள்வியிலேயே மூன்று வாரம் ஓடும்.

செமஸ்டர் பாதியில் வந்து சேரலாமா?

குழுவில் எட்டுப் பேருக்குக் கீழே இருந்தால் சேரலாம். எட்டு நிரம்பியிருந்தால் ஒன்பதாவதாக உட்காராமல், இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு புதுக் குழுவாக வாருங்கள். வரும்போது அந்த வாரத்து வேலையைச் செய்துகொண்டு வர வேண்டும்.